உடலை மறக்க யாருக்கு வாய்க்கிறது?



"தத்துவத்தில் உடலும் சிந்தனையும்" என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். முழுதாகச் சொல்லப் புகுந்தால் இன்று இரவு யாரும் வீடு போய்ச் சேர முடியாது. ஆகவே பரப்பைச் சுருக்கிக்கொண்டேன். உடல் வேறு, சிந்தனை வேறு என்று பிரித்துக் காட்டிப் பெரும்பெயர் பெற்ற ஒருவர்; அந்தப் பிரிவினை எப்படிப் பொருந்தும் என்று அவரையே கேட்ட இன்னொருவர்; அந்தக் கேள்வியைப் பின்னால் வேறு வேறு இடங்களிலிருந்து கேட்ட சிலர். இவர்களைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலை மறந்துவிட்டுச் சிந்திக்க முடிவது ஒரு வசதி. அந்த வசதி வாய்த்தவர்கள் எழுதியவற்றைவிட, வாய்க்காதவர்கள் கேட்ட கேள்விகளே இந்தத் துறையை முன்னே தள்ளியிருக்கின்றன.

தெக்கார்த்திடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1641இல் லத்தீனில் வெளிவந்த 'தியானங்கள்' நூலில் அவர் செய்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஐயப்பட முடிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறார். எதிரே எரியும் கணப்பு, கையில் உள்ள தாள், போர்த்தியிருக்கும் அங்கி, எல்லாம் கனவாக இருக்கலாம். பிறகு கை, கண், சதை, குருதி எதுவுமே தனக்கு இல்லை என்று வைத்துக்கொள்கிறார். அப்போதும் ஐயப்படுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஐயப்படுவது சிந்திப்பது, சிந்திக்கிற நான் இருக்கிறேன். இந்த வழியில் ஆறாம் தியானத்துக்கு வந்து சேரும்போது இரண்டு பொருள்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று மனம்: சிந்திக்கும், இடத்தை அடைக்காது. மற்றது உடல்: இடத்தை அடைக்கும், சிந்திக்காது.

பாடநூல்கள் இத்தோடு 'இருமைவாதம்' என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுகின்றன. அது அவருக்கு இழைக்கும் அநீதி. அதே ஆறாம் தியானத்தில், மாலுமி கப்பலில் இருப்பதுபோல் நான் என் உடலில் இல்லை என்றும் அவர்தான் எழுதுகிறார். கப்பலில் ஓட்டை விழுந்தால் மாலுமி அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். என் காலில் முள் தைத்தால் எனக்கு வலிக்கிறது. பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. மனமும் உடலும் கலந்து கிடக்கின்றன என்பதை அவர் மறுக்கவில்லை. அது எப்படி என்பதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை.

உடலைத் தெரியாதவரும் அல்ல அவர். ஆம்ஸ்டர்டாமில் ஒரு குளிர்காலம் முழுக்க அநேகமாகத் தினமும் ஒரு கசாப்புக்காரர் வீட்டுக்குப் போய், விலங்குகளை வெட்டுவதைப் பார்த்துவிட்டு, வேண்டிய உறுப்புகளைத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி நிதானமாக அறுத்துப் பார்த்ததாக 1639இல் நண்பர் மெர்சேனுக்கு எழுதுகிறார். அவர் காலத்துத் தத்துவவாதிகளில் இவ்வளவு இதயங்களையும் மூளைகளையும் திறந்து பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அது மேசைமேல் கிடக்கும் உடல். அவருடைய சொந்த உடல் இளமையிலேயே நோஞ்சான். வறட்டு இருமல் தாயிடமிருந்து வந்தது. யேசு சபைப் பள்ளியில் காலையில் படுக்கையிலேயே கிடக்க அவருக்குத் தனி அனுமதி இருந்தது. அந்தப் பழக்கம் கடைசிவரை தொடர்ந்தது என்றும், அவருடைய சிந்தனையில் பெரும்பகுதி படுக்கையில் நடந்தது என்றும் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பையே சொல்கிறார். அந்த நேரத்தில் அடுப்பு மூட்டியது யார், ரொட்டி வாங்கி வந்தது யார் என்று வரலாறு அதிகம் எழுதிவைக்கவில்லை. ஒரு பெயர் மட்டும் தெரியும். புத்தக வியாபாரி ஒருவர் வீட்டில் வேலைபார்த்த ஹெலேனா. அவருக்கும் தெக்கார்த்துக்கும் 1635இல் பிரான்சின் என்ற மகள் பிறந்தாள். 1640 செப்டம்பரில், ஐந்து வயதில், காய்ச்சலில் இறந்தாள். அடுத்த சில மாதங்களில் ஒரு நண்பருக்கு ஆறுதல் எழுதும்போது, அண்மையில் தனக்கு மிக நெருக்கமான இருவரை இழந்ததாகவும், கண்ணீர் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று தான் நினைக்கவில்லை என்றும் குறிப்பிடுகிறார். 1641இல்தான் தியானங்கள் நூலும் வெளிவந்தது. அதில் இந்தக் கண்ணீருக்கு இடமில்லை. அதற்கு இடம் கேட்டு ஒருவர் வர வேண்டியிருந்தது.

அவர் எலிசபெத். பொகீமிய இளவரசி என்று நூல்களில் இருக்கும், பெயருக்குத்தான் இளவரசி. தந்தை ஐந்தாம் பிரெடரிக் பொகீமியாவின் அரியணையில் ஒரு குளிர்காலம்தான் உட்கார்ந்தார். 1620 நவம்பரில் போரில் தோற்றதும் குடும்பம் நாடிழந்து ஹேக் நகரில் அண்டி வாழ்ந்தது. தெக்கார்த்துக்கு அவர் முதல் கடிதம் எழுதியது 1643 மே மாதம். அப்போது வயது 24. அவர் கேட்டதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும். ஒரு பொருளை அசைக்க வேண்டுமென்றால் அதைத் தள்ள வேண்டும். தள்ளுவதற்குத் தொட வேண்டும். தொடுவதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு இருக்க வேண்டும். மனத்துக்கு இடமே கிடையாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் கையைத் தூக்க வேண்டும் என்று நான் நினைத்ததும் கை எப்படித் தூக்கிக்கொள்கிறது?

தெக்கார்த் உடனே பதில் போட்டார். எடை என்ற பண்பு கல்லைக் கீழே இழுக்கிறது; அது கல்லைத் தொட்டுத் தள்ளுவதாக நாம் நினைப்பதில்லை; மனம் உடலை அசைப்பதையும் அப்படி எண்ணிக்கொள்ளலாமே என்றார். எலிசபெத் விடவில்லை. எடையைப் பற்றிய அந்தப் பழைய கருத்து தவறு என்று நிறுவப்போவதாகச் சொன்னவரே நீங்கள்தானே. தவறான ஒன்றை வைத்து மற்றொன்றை எப்படி விளங்கிக்கொள்வது என்று ஜூன் மாதம் திருப்பி எழுதினார். இடமில்லாத பொருள் உடலை அசைக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட, மனத்துக்கும் இடம் உண்டு, அதுவும் சடம்தான் என்று ஒப்புக்கொள்வது தனக்கு எளிதாக இருக்கிறது என்றும் சொன்னார். இருபத்து நான்கு வயதில், அந்தக் காலத்தில், இதை எழுதத் துணிவு வேண்டும்.

அதே கடிதத்தில், தத்துவ வரலாறுகள் அதிகம் பொருட்படுத்தாத ஒரு வரி இருக்கிறது. வீட்டுக் காரியங்களை விட்டுவிட முடியவில்லை, தட்டிக்கழிக்க முடியாத பேச்சுகளும் விருந்தாளிகளும் மனத்தைச் சலிப்பால் அடித்துப்போட்டுவிடுகின்றன, பிறகு நெடுநேரம் அது எதற்கும் உதவுவதில்லை என்கிறார். இதற்கு தெக்கார்த் எழுதிய பதிலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கற்பனைக்கு வேலைதரும் சிந்தனைகளுக்கு நாளுக்குச் சில மணி நேரமும், அறிவுக்கு மட்டும் வேலைதரும் சிந்தனைகளுக்கு ஆண்டுக்குச் சில மணி நேரமும்தான் தான் செலவிட்டதாகவும், மிச்ச நேரமெல்லாம் புலன்களுக்கு ஓய்வும் மனத்துக்கு நிம்மதியும் தந்ததாகவும் அவர் சொல்கிறார். மனமும் உடலும் ஒன்றாய் இருப்பதைத் தெரிந்துகொள்ளத் தியானம் உதவாது, அன்றாட வாழ்க்கையும் பேச்சுமே போதும் என்று அறிவுரையும் கூறுகிறார். ஒரு பக்கம் அன்றாட வாழ்க்கையில் மூச்சுத் திணறுகிறவர். மறுபக்கம் அவரிடம் அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பிப் போகச் சொல்கிறவர். எலிசபெத்தின் மறுமொழி ஜூலை முதல் தேதி போனது. மனம் உடலை அசைக்கிறது என்பதைப் புலன்கள் காட்டுகின்றன, எப்படி என்று கற்பிக்கவில்லையே என்றார். என் கணக்கில் இந்த வாதத்தில் வென்றவர் எலிசபெத்.

1645இல் அவருக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும். தெக்கார்த் இதற்கு மனத்துயரமே காரணம் என்று கண்டுபிடித்தார். அது சரியாகவும் இருக்கலாம். மனத்தை அறிவால் ஆண்டால் உடல் தேறும் என்று சொல்லி, செனெக்காவைச் சேர்ந்து படிக்கலாம் என்றார். எலிசபெத் படித்தார். படித்துவிட்டு ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில் ஒரு தடை வைத்தார். சில நோய்கள் அறிவால் எண்ணிப் பார்க்கும் ஆற்றலையே பறித்துவிடுகின்றன. அறிவு தரும் நிறைவு அப்போது எங்கிருந்து வரும்? வேறு சில நோய்கள் அந்த ஆற்றலைக் குறைத்துவிடுகின்றன. நல்லறிவு வகுத்த நெறிகளைப் பின்பற்ற விடுவதில்லை. முதல் கேள்வி இயற்பியல் கேள்வி: இடமில்லாதது இடமுள்ளதை எப்படி அசைக்கும்? இரண்டாவது இன்னும் ஆழமானது. சிந்திக்கும் நானே உடலின் தயவில் இருந்தால், எல்லாவற்றையும் தள்ளிய பிறகும் மிஞ்சி நிற்கும் நான் என்று எதைச் சொல்வது? காய்ச்சலில் கிடந்தவர்தான் இதைக் கேட்டிருக்க முடியும்.

உணர்ச்சிகளைத் தனித்தனியே விளக்கிச் சொல்லும்படி அவர் வற்புறுத்தியதன் விளைவுதான் தெக்கார்த் 1649இல் வெளியிட்ட 'ஆன்மாவின் உணர்ச்சிகள்'. பினியல் சுரப்பிதான் ஆன்மா உடலோடு கைகோக்கும் இடம் என்ற புகழ்பெற்ற விளக்கம் அதில் வருகிறது. மூளையின் மற்றப் பகுதிகள் இரட்டை, இது மட்டும் ஒற்றை. இரண்டு கண்ணால் பார்ப்பது ஒன்றாகச் சேர்வதற்கு இதுவே தோது என்பது அவர் காட்டிய காரணம். இடமில்லாததற்கு ஓர் இடம் கொடுத்தார் என்பதைத் தவிர அந்தச் சுரப்பியால் கேள்வி தீரவில்லை. நூல் வந்த சில மாதங்களில், சுவீடன் அரசி கிறிஸ்டினாவுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் பாடம் சொல்லப்போய், 1650 பிப்ரவரியில் நிமோனியாவில் அவர் இறந்ததும் வகுப்பறைகளில் சொல்லிச் சலித்த கதை.

எலிசபெத்தை நோயாளியாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. தெக்கார்த் அனுப்பிய, மூன்று வட்டங்களைத் தொடும் நான்காம் வட்டத்தைக் காணும் வடிவியல் கணக்கை அவர் இயற்கணிதத்தால் தீர்த்தபோது ஆசிரியர் மகிழ்ந்து போனார். துன்பம் தானாகவே தத்துவத்தைத் தந்துவிடாது. பயிற்சி பெற்ற அறிவு, துன்பத்தைத் தள்ளிவைக்க முடியாத நிலையில் வேலை செய்ததே இந்தக் கடிதங்களின் பலம். தெக்கார்த் இறந்தபின் அவருடைய கடிதங்களை அச்சிட்டார்கள். தன் கடிதங்களைத் தர எலிசபெத் மறுத்துவிட்டார். 1667இல் ஹெர்ஃபோர்ட் மடத்தின் தலைவியானார், 1680இல் இறந்தார். அந்தக் கடிதங்களின் படிகள் நெதர்லாந்தில் ஒரு கோட்டை நூலகத்தில் கிடைத்து, 1879இல்தான் அச்சேறின. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பா பதில்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தது. கேள்விகள் அலமாரியில் இருந்தன.

இந்த இடத்தில் மணிமேகலையை நினைக்காமல் என்னால் கடக்க முடியவில்லை. வஞ்சி நகரில் அவள் பல சமயத்தாரிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் பூதவாதி வருகிறான். தாதகிப் பூவும் வெல்லமும் மற்றவையும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறப்பதுபோல், பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரியும்போது போகிறது என்பது அவன் கட்சி. சடத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை, கண்ணால் கண்டதே சான்று என்கிறான். மணிமேகலை அவனைப் பார்த்துச் சிரித்து, உன் தாய் தந்தையை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். வாதம் நல்ல வாதம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவள் அங்கே எப்படி வந்தாள் என்பதுதான். இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் உனக்கு மெய்ப்பொருளை எடுத்துச் சொல்லமாட்டார்கள், வேற்றுருக் கொள் என்று மணிமேகலா தெய்வம் முன்பே எச்சரித்திருக்கிறது. அவளும் தவமுனிவன் வடிவம் எடுத்துக்கொண்டுதான் சபைக்குள் போகிறாள். உணர்வு உடலிலிருந்து பிறக்கிறதா என்ற விவாதத்தைக் கேட்பதற்கே உடலை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சாத்தனார் அதை விளக்காமல், தெரிந்த விஷயமாகச் சொல்லிப் போகிறார். இந்தக் காப்பியத்தின் தத்துவப் பகுதிகளுக்கு எத்தனையோ உரை எழுதியிருக்கிறோம். இந்த மாறுவேடத்தையும் தத்துவப் பகுதியாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். நடுவில் இருக்கும் இரண்டு பேரை வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன். மனமும் உடலும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள் என்று சொல்லி ஸ்பினோசா தெக்கார்த்தின் சிக்கலையே இல்லாமல் செய்யப் பார்த்தார். உடலால் எதையெல்லாம் செய்ய முடியும் என்று இன்னும் யாரும் வரையறுத்துச் சொல்லவில்லை. தூக்கத்தில் நடப்பவர்கள் விழித்தபின் செய்யத் துணியாததையெல்லாம் செய்கிறார்களே என்று 1677இல், அவர் இறந்தபின் வெளிவந்த 'அறவியல்' கேட்கிறது. அடுத்த நூற்றாண்டில் லா மெத்ரி என்ற மருத்துவர், தனக்கு வந்த காய்ச்சலில் சிந்தனை தடுமாறியதைக் கவனித்தார். பிறகு மனிதனையே இயந்திரம் என்று எழுதி ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. அவர் துணிச்சல்காரர். ஆனால் இயந்திரம் என்று சொல்லிவிட்டால் வலி என்னவாகிறது என்பதற்கு அவரிடம் பதிலில்லை.

வலியைப் பற்றி ஒரு சம்பவத்தை தெக்கார்த்தே 1644இல் எழுதிவைத்திருக்கிறார். கையில் சதை அழுகிய ஒரு சிறுமி. மருத்துவர் வரும்போதெல்லாம் அவள் கண்ணைக் கட்டிவிடுவார்கள். நோய் முற்றி முழங்கைவரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துணிச்சுருளை வைத்துக் கட்டினார்கள். அவளுக்குத் தெரியாது. இந்த விரலில் வலிக்கிறது, அந்த விரலில் வலிக்கிறது என்று இல்லாத விரல்களைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். ஆகவே வலி கையில் இல்லை, மூளையில்தான் உணரப்படுகிறது என்று தெக்கார்த் முடிவு கட்டினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களைக் கவனித்த மருத்துவர் வெயர் மிட்செல் 1871இல் இதற்கு 'மாய உறுப்பு' என்று பெயர் கொடுத்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப் பின்னர் கலிபோர்னியா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஓர் எளிய பெட்டி செய்தார். உள்ளே நிமிர்த்தி வைத்த கண்ணாடி. இருக்கிற கையை அதன் ஒருபுறம் வைத்தால், பிம்பம் இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை அசைத்தால் இல்லாத கையும் அசைவதுபோல் தெரியும். ஆண்டுக்கணக்கில் இறுகிப்போய் வலித்த மாயக் கை அசைவதாகச் சில நோயாளிகள் உணர்ந்தார்கள். எல்லோருக்கும் பலிக்கவில்லை. தத்துவத்துக்கு இதில் கிடைத்த செய்தி பெரிது: உடலைப் பற்றி நமக்குள் இருக்கும் உணர்வு, இருக்கும் சதையின் கணக்கெடுப்பு அல்ல. அது பழகிய செயல்களால் ஆனது.

இதைத்தான் மோரிஸ் மெர்லோ-பொந்தி 1945இல் 'புலனறிவின் நிகழ்வியல்' நூலில் விரித்தார். கையிழந்தவர் அந்தக் கையை ஏன் இன்னும் உணர்கிறார்? கைக்குரிய வேலைகள் உலகத்தில் அப்படியே காத்திருக்கின்றன. கதவின் பிடி இன்னும் அழைக்கிறது. அவர் தொடங்கும் இடம் 'நான் சிந்திக்கிறேன்' அல்ல, 'என்னால் முடியும்'. பார்வையற்றவர் கைத்தடியை ஊன்றும்போது தடியின் பிடியை உணர்வதில்லை, அதன் நுனியில் தரையை உணர்கிறார் என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி முதுகில் படுவதை, நான் சொல்வதற்கு முன்னால் எத்தனை பேர் கவனித்தீர்கள்? கவனிக்காததால்தான் இதுவரை என் பேச்சைக் கேட்க முடிந்தது. சிந்தனைக்கு உடல் செய்யும் முதல் உதவி ஒதுங்கி நிற்பது.

ஒதுங்கி நிற்க மறுத்தால் என்ன ஆகும்? மெர்லோ-பொந்தி பக்கம் பக்கமாக ஆராய்ந்தது ஷ்னைடர் என்ற பெயரில் மருத்துவ நூல்களில் வரும் ஜெர்மன் படைவீரரை. முதல் உலகப் போரில் தலையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்துவார். கொசு கடித்தால் சரியாக அந்த இடத்தில் அடிப்பார். ஆனால் மூக்கைத் தொட்டுக் காட்டுங்கள் என்றால் தடுமாறுவார். தோல் பைகள் தைக்கும் வேலையில் அவர் கைக்குக் குறையில்லை. உடல் உலகத்தைப் பற்றிக்கொள்ளும் விதம் வேறு, ஒரு புள்ளியைக் குறித்துக் காட்டும் விதம் வேறு என்று மெர்லோ-பொந்தி இதிலிருந்து வாதிட்டார். அந்த நோயாளியைப் பற்றிய பழைய மருத்துவக் குறிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்று பின்வந்த நரம்பியல் ஆய்வாளர் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். மாணவர்கள் அதையும் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாத இன்னொரு நிகழ்வு உண்டு. 1971இல், இறைச்சிக் கடையில் வேலைபார்த்த 19 வயது ஆங்கிலேய இளைஞர் ஒருவருக்குக் காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும், கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் அடியோடு போய்விட்டன. தசைகளுக்குப் பலம் இருந்தது. வலியும் வெப்பமும் தெரிந்தன. ஆனால் கை எந்தப் பக்கம் மிதக்கிறது என்றே தெரியாது. பல ஆண்டு முயற்சியில், ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து, முன்கூட்டியே நினைத்து நினைத்து, நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் கீழே விழுந்துவிடுவார். நடந்துகொண்டே வேறொன்றை யோசிப்பது அவருக்குக் கடினம். ஜொனாதன் கோல் என்ற மருத்துவர் இவரைப் பற்றி 1991இல் ஒரு நூலே எழுதினார். ஒரு வகையில் தெக்கார்த் தீட்டிய மனிதர் இவர்தான்: சிந்தனை மேலே இருந்து உடலைத் தனிப்பொருளாக ஓட்டுகிறது. அப்படி ஓட்டுவதிலேயே சிந்தனை முழுவதும் தீர்ந்துபோகிறது.

நோயும் விபத்தும் மட்டும்தான் உடலை மறக்கவிடாமல் செய்கின்றனவா? இங்கேதான் மெர்லோ-பொந்தியும் போதாமல் போகிறார். அவருடைய 'என்னால் முடியும்' யாருடையது என்று ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய கட்டுரையில் கேட்டார். பெண் பிள்ளைகள் பந்து எறியும்போது முழு உடலையும் பயன்படுத்தாமல் கையை மட்டும் ஏன் வீசுகிறார்கள்? தசையின் பலம் மட்டும் காரணம் இல்லை. பார்க்கப்படும் பொருளாகத் தன் உடலைப் பார்க்கப் பழக்கப்பட்டவள், ஓடையைத் தாண்டும்போதுகூட ஒரு கண்ணை ஓடையிலும் ஒரு கண்ணைத் தன்மேலும் வைத்திருக்கிறாள். 'என்னால் முடியும்', 'என்னால் முடியாது' இரண்டும் ஒரே அசைவில் கலந்துவிடுகின்றன.

யங்குக்கு 28 ஆண்டு முன்பே இதைவிடக் கடுமையாகச் சொன்னவர் பிரான்ஸ் ஃபனான். மார்த்தினிக் தீவில் பிறந்து லியோனில் மருத்துவம் படித்தவர். மெர்லோ-பொந்தியின் வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டவர். 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் ஒரு சிறு காட்சி. சிகரெட் பிடிக்க வேண்டும். பெட்டி மேசையின் அந்தக் கோடியில் இருக்கிறது, வலக்கையை நீட்ட வேண்டும். தீப்பெட்டி இடப்பக்க இழுப்பறையில், கொஞ்சம் பின்னால் சாய வேண்டும். இதெல்லாம் யோசிக்காமல் உடலுக்குத் தெரிந்த அறிவு. இதுவரை மாணவர் ஆசிரியரோடு ஒத்துப்போகிறார். பிறகு ரயிலில் ஒரு வெள்ளைக் குழந்தை அவரைக் காட்டி, பார் பார், ஒரு கறுப்பன், பயமாக இருக்கிறது என்று தாயிடம் சொல்கிறது. அந்தக் கணத்தில் அந்த உள்ளறிவு நொறுங்குகிறது. தன் உடலை அவர் இனி வெளியிலிருந்து பார்க்க வேண்டும். தன் உடலுக்கும், தன் இனத்துக்கும், முன்னோருக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டும். காய்ச்சல் எலிசபெத்துக்குச் செய்ததை இங்கே ஒரு பார்வை செய்கிறது. காய்ச்சல் இறங்கும். இது இறங்காது.

நம் ஊருக்கு இதை யாரும் இறக்குமதி செய்து தர வேண்டியதில்லை. உங்கள் வலக்கையால் இடக்கையைத் தொட்டுப் பாருங்கள். எந்தக் கை தொடுகிறது, எந்தக் கை தொடப்படுகிறது? ஒரு நொடியில் இரண்டும் மாறிக்கொள்ளும். தத்துவவாதி ஹுசேர்ல் இதை ஆராய்ந்த கையெழுத்துப் படியை ஒழுங்குபடுத்தித் தந்தவர் அவருடைய உதவியாளராக இருந்த எடித் ஸ்டைன். 1942இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். பார்ப்பவன் பார்க்கப்படாமலே இருக்கலாம். தொடுகிறவன் தொடப்படாமல் இருக்க முடியாது. இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சுந்தர் சருக்கை 2009இல் தீண்டாமையின் நிகழ்வியல் என்ற பொருளில் ஓர் ஆங்கிலக் கட்டுரை எழுதினார். தொட மறுப்பது மறுப்பவனின் தோலில் நடக்கும் காரியம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆசாரத்தின் பேரால் தன்னையே தீண்டப்படாதவனாக வைத்துக்கொள்ளும் பிராமணன், அந்தத் தன்மையை எடுத்து இன்னொருவர் மேல் ஏற்றிவிடுகிறான். பிறகு அது ஏற்றப்பட்டவருடைய பிறவிக் குணம்போல் பேசப்படுகிறது. வாதத்தின் எல்லாப் படிகளும் எனக்கு உடன்பாடு இல்லை. சடங்குத் தீட்டையும் சேரியில் பிறந்தவர் மேல் சுமத்திய தீட்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. முதலாவதைக் குளித்துக் கழித்துவிடலாம். ஆனால் கேள்வியை யாருடைய உடலிடம் கேட்க வேண்டும் என்பதை அவர் திருப்பிப் போட்டது பெரிய காரியம்.

அவரோடு இந்த விவாதத்தை நடத்தியவர் கோபால் குரு. இருவர் எழுத்தும் சேர்ந்து 2012இல் நூலாக வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே கோபால் குரு நம் சமூக அறிவியலில் ஒரு வேலைப் பிரிவினையைக் காட்டியிருந்தார். கோட்பாடு வகுக்க ஒரு கூட்டம். அனுபவத்தையும் தரவையும் கொண்டுவந்து கொட்ட இன்னொரு கூட்டம். தலித்துகள் அனுபவிப்பார்கள், அதைப் பற்றி மற்றவர்கள் சிந்திப்பார்கள். மனம் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்ற அந்தப் பழைய பிரிவினை நம்மிடம் பல்கலைக்கழகத் துறைகளாகவும் ஆய்வேட்டின் பின்னிணைப்புகளாகவும் வாழ்கிறது. எலிசபெத்தின் கடிதங்களை அலமாரியில் வைத்தது போன்ற ஏற்பாடுதான் இதுவும்.

அப்படியானால் பட்டவர்தான் பேச வேண்டுமா என்று கேட்பீர்கள். நான் அதைச் சொல்லவில்லை. தெக்கார்த் பதில் எழுதினார்; நோயாளியின் கேள்வியைத் தன் நூலின் கேள்வியாக ஏற்றார்; தன் தத்துவ நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். இவ்வளவு செய்கிறவர்கள் இன்றும் குறைவு. நம் வகுப்பறைகளில் தியானங்கள் பாடமாக இருக்கும் இடங்களில் 1643ஆம் ஆண்டுக் கடிதங்களையும் உடன் வையுங்கள். சில பக்கங்கள்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். ஃபனானை அரசியல் துறைக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். மணிமேகலையின் மாறுவேடத்தைப் பற்றி ஓர் ஆய்வேடு வரட்டும். தமிழில் தன்வரலாறு எழுதியிருக்கும் துப்புரவுத் தொழிலாளர்களும் தலித் பெண்களும் தொடுதலைப் பற்றி எழுதியிருப்பதை மேற்கோளாக மட்டும் எடுக்காமல், அதில் உள்ள வாதத்தை எடுத்து மறுக்கவோ ஏற்கவோ செய்யுங்கள். தத்துவத் துறையில் இருப்பவர்களிடம் இதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.